பின்கட்டுக்குப் போகும் வெந்நீர்

செவிலிமேட்டில் சீனிவாசன் கட்டிய வீட்டுக்கு முகங்கள் இரண்டு. தெருவைப் பார்த்த முகத்தில் பளிங்குக் கல், நிறக்கண்ணாடி, பித்தளைப் பிடி வைத்த தேக்குக் கதவு. கொல்லையைப் பார்த்த முகத்தில் சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஓர் அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை, மொட்டைமாடிக்கு ஏறும் ஓர் இரும்புப் படிக்கட்டு. முன்வாசல் வழியே உறவினர் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள், அரிசி மண்டி வியாபாரிகள் வந்தார்கள். பின்வாசல் வழியே புழங்கியவர்கள் இரண்டே வகையினர்: மாதவிலக்கான பெண்கள், பழுது பார்க்க வரும் தொழிலாளர்கள். இருவரையும் ஒரே வாசலில் நிறுத்த வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. நம் நாட்டில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்குத் தீர்மானம் தேவைப்படுவதே இல்லை.

மொட்டைமாடியில் வெயிலில் நீரைக் காய்ச்சும் டேங்க் ஒன்று இருந்தது. அதிலிருந்து இறங்கிய குழாய் எல்லாக் குளியலறைகளுக்கும் சமையலறைக்கும் வெந்நீரைக் கொண்டு போனது. அதன் ஒரு கிளை மட்டும் மாடியின் குறுக்கே ஓடி, பின்கட்டுக் குளியலறைக்கு இறங்கியது. அந்தக் கிளை தொடங்கும் இடத்தில் ஓர் ஒருவழி வால்வு. அதன் வயிற்றுக்குள் சிறு பித்தளைத் தகடு ஒன்று கீலில் தொங்கும். நீர் முன்னோக்கிப் போனால் தகடு வழிவிடும்; பின்னோக்கி வரப் பார்த்தால் அறைந்து மூடும். தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குப் பொருத்தும் அந்தச் சாமானுக்கு வெந்நீர்க் கிளையில் என்ன வேலை?

வீடு கட்டியபோது சீனிவாசனின் அக்கா காந்தா ஒரு கேள்வி கேட்டார். கணவனை இழந்து, இளம் வயதிலேயே தம்பி வீட்டுக்குத் திரும்பியவர் அவர்.

"தூரமான பொம்பளை தொடுற கொழாயில நிக்கிற தண்ணி, திரும்பி டேங்குக்கு ஏறிடாதா? அந்த டேங்குத் தண்ணியிலதானே சாமி வெளக்கு கழுவறேன்?"

யாரும் சிரிக்கவில்லை. கட்டடம் கட்டிய மேஸ்திரி சிரிக்கவில்லை. பாலிடெக்னிக் படித்த சீனிவாசன் சிரிக்கவில்லை. தீட்டு திரும்பி வராமல் தடுக்க ஒரு பித்தளைத் தகட்டைக் காவல் வைத்தார்கள்.

காவல் வைத்த இடம் ஒழுகத் தொடங்கியது. பின்கட்டுக் குழாய் மாதத்தில் சில நாட்கள்தான் திறக்கப்படும். மற்ற நாட்களில் அந்தக் கிளைக்குள் நீர் இருபுறமும் அடைபட்டு மாடி வெயிலில் வேகும். வெந்த நீர் பெருகும். பெருத்த நீருக்குப் போக்கிடம் இல்லை. அது வால்வின் மூடியைப் பிதுக்கி, ஓரமாகக் கசிந்து, ஷீட்டின் மேல் சொட்டி, அறையின் சுவரில் துருநிறக் கோடுகளாக இறங்கும். ஒவ்வொரு முறையும் பிளம்பர் கிறிஸ்டோபரை அழைத்து வால்வை மாற்றினார்கள். புதிய வால்வும் சில மாதங்களில் ஒழுகியது.

புரட்டாசி மாதத்து முற்பகல் ஒன்றில் கிறிஸ்டோபர் மீண்டும் அந்த இரும்புப் படியில் ஏறினார். சீனிவாசன் சமையலறைக் கதவோரம் நின்று அண்ணாந்து பார்த்துப் பேசினார். கொல்லையில் அவர் கால் வைக்கவில்லை. அன்று அவர் மனைவி ரேவதி பின்கட்டு அறையில் இருந்தாள்.

"இன்னாபா கிறிஸ்டோபர், போன வருசம்தானே மாத்தின? கடைக்காரன் பழசக் குடுத்துட்டானா, இல்ல நீ குடுத்துட்டியா?"

"புதுசுதான் சார். தண்ணிய ரெண்டு பக்கமும் பூட்டிட்டு வெயில்ல வேக வெச்சா, அது எங்க போவும்? ஒழுவித்தான் மூச்சு வுடும்."

"அது எனக்கும் தெரியும்பா. என்னிக்கு நான் தெரியாதுன்னேன்? வேற ஒண்ணு போடு. நல்லதா போடு. பாப்பாவுக்கு நேரம் வந்துடுச்சுன்னு அக்கா சொல்லிக்கினே இருக்குது. ரூமு ஈரமா இருந்தா கொழந்தைக்கு ஜொரம் வந்துடும். நாளைக்கு சுண்ணாம்பு அடிக்க ஆளு வருது, ஒரு கட்டிலும் சொல்லி இருக்கறேன்."

உள்ளே பாயில் அமர்ந்திருந்த ரேவதியின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. பாப்பா என்றது அவள் மகள் சந்தியாவை. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மகளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது என்று தகப்பன் கவலைப்படுகிறார். அதற்காகச் சுண்ணாம்பு, அதற்காகக் கட்டில். சிறையை வெள்ளையடித்துக் கொடுப்பவனுக்கும் அன்பு இருக்கத்தான் செய்கிறது. அந்த அன்பை என்ன செய்வது என்பதுதான் ரேவதிக்குத் தெரியவில்லை.

சீனிவாசன் மண்டிக்குக் கிளம்பினார். காந்தா சமையலறையிலிருந்து சோற்றுத் தட்டோடு வந்து, படியில் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நின்றார்.

"நெய்யி ரெண்டு கரண்டி ஊத்தி இருக்கறேன். மிச்சம் வெக்காத. வெளியில இருக்கறப்போதான் ஒடம்புக்குத் தெம்பு வேணும்."

"சரி அண்ணி."

கொடுமைக்காரி என்று அந்தப் பெண்மணியை எளிதாகச் சொல்லிவிட முடியாது. தம் இளமையின் எத்தனையோ நாட்களை இதைவிட இருண்ட தாழ்வாரத்தில் கழித்தவர். தமக்கு ஊற்றப்படாத நெய்யை அவர் ரேவதிக்கு ஊற்றினார்.

காந்தா உள்ளே போனதும் ரேவதி எழுந்து கொல்லைக்கு வந்தாள். கிறிஸ்டோபர் புதிய வால்வை எடுக்கப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"கிறிஸ்டோபரண்ணா, கொஞ்சம் நில்லுங்க. வால்வே இல்லாம வெறும் பைப்பு போட்டா ஒழுவாதா?"

"ஒழுவாதும்மா. சூடேறுனா தண்ணி பின்னால டேங்குக்குப் போயிடும், அவ்ளோதான். ஆனா அதுக்குத்தானே காவலே போட்டு வெச்சிக்கினு இருக்கறீங்க?"

"வெளிய பாத்தா வால்வு மாதிரியே இருக்கணும். உள்ள இருக்கிற தகடு மட்டும் இருக்கக் கூடாது. முடியுமா?"

கிறிஸ்டோபர் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அவளை உற்றுப் பார்த்தார்.

"முடியும். மூடியைக் கழட்டுனா தகடு கையோட வந்துடும். ஆனா உனுக்கு நெசமா இன்னாம்மா வேணும்? ஒழுவல் நிக்கணுமா, வேற எதனா நிக்கணுமா?"

"சந்தியா இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது." அவள் குரல் தணிந்தே இருந்தது. "வாயால சொல்லிப் பாத்துட்டேன். வருசக் கணக்கா சொல்றேன். 'எல்லாம் சரிதான், எதனா ஆயிட்டா?'ன்னு ஒரே கேள்வி. ஆவாதுன்னு நான் எப்படிக் காட்டுறது? இந்தத் தண்ணி கலக்கட்டும். எல்லாரும் குளிக்கட்டும், வெளக்கு கழுவட்டும். அவ வயசுக்கு வர்ற அன்னிக்கு வாசல்ல நின்னு சொல்றேன், இத்தினி மாசமா கலந்துக்கினுதான் இருந்துச்சு, எவனுக்கு இன்னா ஆச்சுன்னு."

"சார் மேல ஏறி மூடியைத் தொறந்து பாத்தாருன்னா எனக்கு இந்தத் தெருவுல வேலை கிடையாது."

"அவரு இந்தப் படியில ஏற மாட்டாரு. நான் தொட்ட படி."

அதைக் கேட்டுக் கிறிஸ்டோபர் சிரித்துவிட்டார். ரேவதிக்கும் சிரிப்பு வந்தது.

"உங்க வீட்டுல எப்படிண்ணா?"

"எங்க வீட்டுல ரூமே ஒண்ணுதாம்மா. ஒதுங்கணும்னா பஸ் ஸ்டாப்புலதான் போயி குந்தணும்." பிறகு அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "ஆனா அந்த நாள்ல எங்கம்மா மரியம்மாள், என் பொண்ணு அபிய பைபிளத் தொட வுடாது. இன்னாத்துக்குன்னு கேட்டா, 'எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குது'ன்னும். எந்த மொறைன்னு கேட்டா, 'பொம்பளைங்க விசயத்துல உனுக்கு இன்னாடா'ன்னும்."

அவர் மாடிக்கு ஏறினார். பழைய வால்வைக் கழற்றி, புதியதன் மூடியைத் திறந்து, தகட்டை உருவி எடுத்துவிட்டு, மரையில் டேப் சுற்றிக் கிளையில் பொருத்தினார். பித்தளை பளபளத்தது. வெளியே நின்று பார்த்த எவருக்கும் அது ஒரு புது வால்வு.

ஒழுகல் நின்றது.

ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது. வெயிலேறிய பொழுதெல்லாம் பின்கட்டுக் கிளையில் நின்ற நீர் பெருத்து, திறந்திருந்த வழியே பின்வாங்கி, பொது நீரில் கலந்தது. அந்த நீரில் சீனிவாசன் தலைமுழுகினார். முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மண்டியைத் திறந்தார். வியாபாரம் முன்போலவே நடந்தது. அந்த நீரில் காந்தா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய குத்துவிளக்கைக் கழுவினார், துடைத்துத் திரியிட்டார், விளக்கு முன்போலவே எரிந்தது. ரேவதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு சாட்சி சேர்ந்தது. யாரிடமும் பங்கிட முடியாத ஒரு மகிழ்ச்சி அவளுக்குள் வளர்ந்தது.

மார்கழிப் பனி இறங்கியது. காலையில் பாலாற்றுப் பக்கமிருந்து வரும் காற்று எலும்பைத் தொட்டது. குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்த காந்தா, கூடத்தில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"இந்த வெந்நீர் மட்டும் இல்லன்னா நான் எழுந்தே நிக்க மாட்டேன் ரேவதி. ஊத்த ஊத்த வலி அப்பிடியே எறங்குது. உன் வீட்டுக்காரன் எனுக்குச் செஞ்ச நல்லதுல இது ஒண்ணு."

ரேவதி காபியை அவர் கையில் கொடுத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கணம் அவளுக்குத் தோன்றியது. அண்ணிக்கு மட்டுமாவது. சொல்லவில்லை. சொன்னால் சாட்சி கலைந்துவிடும்.

அந்த மாதத்திலேயே ஒரு நண்பகல் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ரேவதி ஓடினாள். ஆட்டோவில் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். சந்தியா பயந்திருக்கவில்லை; வகுப்பில் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் பாதியில் எழுந்து வந்ததற்காகத்தான் வருத்தப்பட்டாள். ஆட்டோ முன்வாசலில் நின்றது. அதற்குள் செய்தி முந்திவிட்டது. தேக்குக் கதவில் காந்தா நின்றார். அவருக்குப் பின்னால், மண்டியிலிருந்து விரைந்து வந்த சீனிவாசன்.

"சுத்திக்கினு பின்னால கூட்டிக்கினு போ" என்றார் காந்தா. அவர் முகம் மலர்ந்திருந்தது. "ரூமு ரெடியா இருக்குது. கண்ணு, அத்த உனுக்குச் சுத்தறதுக்குப் புட்டு அவிச்சிக்கினு வரேன், இன்னா? அழாத."

"நான் அழலியே அத்தை" என்றாள் சந்தியா.

ரேவதி மகளின் கையை விடவில்லை. "இவ பின்னால போவ மாட்டா. இவ ரூமு மாடியில இருக்குது. அங்கதான் படுப்பா."

"ரேவதி, இன்னிக்கு வேணாம்" என்றார் சீனிவாசன். "நல்ல நாளும் அதுவுமா தெருவுல நின்னு..."

"எதனா ஆயிடும்னுதானே பயம்? ஆயிடுச்சு. புரட்டாசியில இருந்து ஆயிக்கினுதான் இருக்குது. மாடியில இருக்கிறது வெறும் கூடு. உள்ள தகடு கிடையாது. நான்தான் எடுக்கச் சொன்னேன். நான் ஒதுங்கி இருந்த ஒவ்வொரு மாசமும், நான் தொட்ட கொழாத் தண்ணி திரும்பி ஏறி, நீங்க எல்லாரும் குளிச்ச தண்ணியில கலந்துச்சு. நீங்க பூசின விபூதி அதுல கொழைச்சது. வெளக்கு அதுல கழுவினது. வெளக்கு அணைஞ்சுதா? மண்டி மூடிட்டுதா? மார்ச் மாசம் மகளிர் தினக் கூட்டத்துல தலைமை தாங்கி, ஆணும் பெண்ணும் சமம்னு மைக்குல முழங்குனீங்களே, அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா? பின்கட்டுல. உங்க குரலை அங்க குந்திக்கினுதான் கேட்டேன்."

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பெண் உள்ளே போய்விட்டாள். சீனிவாசன் எதையோ சொல்ல வாயெடுத்து, அக்காவைப் பார்த்து நிறுத்தினார்.

காந்தா கதவுநிலையைப் பிடித்தபடி மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தார். தம் இரு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"எனுக்கு ஒரு வார்த்தை சொல்லாம என்னைக் குளிப்பாட்டிட்டியே ரேவதி."

அவ்வளவுதான் சொன்னார். வசவில்லை, சாபமில்லை. ரேவதி தயாரித்து வைத்திருந்த மறுமொழிகள் எல்லாம் வசவுக்கும் சாபத்துக்குமானவை. அவளைக் கேட்காமல்தான் அவளுக்குப் பின்கட்டை ஒதுக்கினார்கள். அவளும் அண்ணியைக் கேட்காமல்தான் அண்ணியின் உடம்பைச் சோதனைக்கு வைத்தாள்.

"புள்ளை உள்ள வரட்டும்" என்றார் காந்தா. "இனிமே உள்ள இன்னா, வெளிய இன்னா."

சந்தியா தேக்குக் கதவு வழியே வீட்டுக்குள் நடந்து போனாள். தன் அறைக்குப் போனாள். தன் கட்டிலில் படுத்தாள். ரேவதி அவள் தலையை வருடியபடி உட்கார்ந்திருந்தாள். வென்றுவிட்டோம் என்று நினைத்தாள். வாதத்தில் வெல்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழை அது. எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நம்பிக்கையை நிறுத்திவிட்டார் என்று எண்ணிவிடுவது. பல தலைமுறைகளாகக் குருதியில் ஊறிய அச்சம், ஒரு பகல்பொழுதின் வாதத்துக்குத் தலைகுனியுமா? அது மேடையை விட்டு இறங்கும். இறங்கி, வேறொரு வாசல் வழியே வீட்டுக்குள் வரும்.

மறுநாள் விடியுமுன் கொல்லையில் நீர் விழும் ஓசை கேட்டு ரேவதி எழுந்து போனாள். போர்வெல் குழாயடியில் காந்தா நின்றார். பனியில் நனைந்த இரும்புக் குழாயிலிருந்து வாளியை நிரப்பித் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பற்கள் தந்தியடித்தன. ஈரப் புடவையோடு துளசி மாடத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் வாளியை எடுத்தார்.

"அண்ணி, இன்னா இது? உங்களுக்குச் சளி புடிச்ச நெஞ்சு. சக்கரை வேற இருக்குது. வாங்க உள்ள."

"வுடு. கழியணும்."

"எது கழியணும்? டேங்குத் தண்ணி வேணாம்னா வுடுங்க. நான் தனியா அடுப்புல வெந்நீர் வெச்சித் தரேன். புதுப் பானையில வெக்கறேன். என்னை நம்புங்க."

"எந்தத் தண்ணிய நம்பறது இனிமே?" காந்தா அவளைப் பார்த்துக் கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை; வழிதவறிய ஒருவர் வழி கேட்பதுபோலக் கேட்டார். "நாலு மாசம் வெளக்கேத்தி இருக்கறேன். எந்தக் கையால ஏத்தினேன்னு எனுக்கே தெரியல. நீ படிச்சவ, உனுக்கு ஒண்ணும் இல்ல. எனுக்கு இருக்குதே."

ரேவதி கணவனிடம் ஓடினாள். "நீங்க சொன்னா கேப்பாங்க, போயி சொல்லுங்க" என்று கெஞ்சினாள். சீனிவாசன் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னான்னு சொல்லச் சொல்ற? உள்ளது உள்ளபடி நீயே சொல்லிட்டியே" என்றார். அவருக்கும் உள்ளூர அச்சம். அக்காவின் நோன்பு தம்மையும் சேர்த்துக் காக்கும் என்று அவர் நினைத்திருக்கவும் கூடும்.

நாள்தோறும் அது தொடர்ந்தது. ஒருவேளைச் சோறு, விடியுமுன் குளிர்நீர், ஈரப் புடவையோடு முதல் டவுன் பஸ்ஸில் ஏறிக் கோயில். இருமல் வந்தது. இருமல் நெஞ்சில் இறங்கியது. பொங்கலுக்கு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள், சர்க்கரையும் எகிறியிருந்தது, தாமதித்து வந்துவிட்டீர்கள் என்றார்கள்.

சந்தியா அத்தையைப் பார்க்கப் போனாள். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடியை விலக்கி, காந்தா அவளைக் கையசைத்து அழைத்தார். கன்னத்தைத் தொட்டார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. நீ சின்னப் புள்ளை. உனுக்கு இன்னா தெரியும்."

அன்புதான் அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் தப்பு என்ற ஒன்று தன்மேல் இருக்கக்கூடும் என்று அந்தச் சிறுமிக்கு அதுவரை தோன்றியதே இல்லை. கட்டில் ஓரத்தில் நின்ற ரேவதி, மகளின் கண்களில் ஏதோ ஒன்று நுழைவதைக் கண்டாள். கையை நீட்டித் தடுக்கக்கூடிய பொருளாக அது இருக்கவில்லை.

காந்தா பொங்கலைப் பார்க்கவில்லை.

காந்தாவைக் கொன்றது தீட்டு அன்று. தீட்டைப் பற்றிய திகில். இதை மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். சாவு வீட்டில் யாரிடம் சொல்வது? கருமாதிக்கு வந்த உறவினர்கள் பாயில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் கணக்கைத் தீர்த்தார்கள். தண்ணி கலந்துச்சு, பொண்ணு வூட்டுக்குள்ள வந்துச்சு, அந்த மாசமே அக்கா போயிட்டுது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. ஒன்றால்தான் மற்றொன்று என்பதில் அங்கே எவருக்கும் ஐயமில்லை. துரைக்கண்ணு என்ற பெரியப்பா முறைக்காரர் மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

"பித்தளைய எடுத்தாளாம் பித்தளைய. காவல எடுத்தா கள்ளன் வரமாட்டானா?"

ஒருவர் சிரித்தார். ரேவதி கேட்டுக்கொண்டே அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். யாரும் அதைக் குடிக்கவில்லை.

சீனிவாசன் மனைவியைத் திட்டவில்லை. வேறொரு பிளம்பரை வரவழைத்தார். டேங்கைக் காலி செய்தார்கள், குழாய்களைக் கழுவினார்கள், ஐயர் வந்து நீர் தெளித்தார். பின்கட்டுக் கிளையில் தகடு வைத்த புதிய வால்வு ஏறியது. இம்முறை சீனிவாசனே இரும்புப் படியில் ஏறி, மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார்.

சில நாட்களுக்குப் பின் கிறிஸ்டோபரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தாள் ரேவதி. கருவிப்பையோடு வாலாஜாபாத் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் வேலையே இல்லம்மா. வூடு வூடா சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல பைப்பு மாத்தணும்னாங்க, போறேன்."

"என்னாலதானே அண்ணா."

"அத வுடு. வேலை எங்கனா கெடைக்கும்." அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மாதான் தெனம் சொல்லிக்கினு இருக்குது. 'அந்தம்மா சாவு உன் கையிலதான்டா இருக்குது, போயி ஜெபம் பண்ணு'ன்னு. அதுங்க சாமி வேற, நம்ம சாமி வேறன்னு சொன்னேன். 'தீட்டு ஒண்ணுதான்டா'ன்னுது."

பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பி, "பாப்பா எப்படி இருக்குது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று ரேவதி சொன்னாள்.

அன்று வீடு திரும்பியபோது மணி மூன்று இருக்கும். பள்ளி விடுமுறை நாள். சந்தியாவின் அறை திறந்து கிடந்தது. கட்டிலில் தலையணை இல்லை. மாடியில் இல்லை, கூடத்தில் இல்லை. சீனிவாசன் மண்டியிலிருந்து வந்திருக்கவில்லை. ரேவதி சமையலறையைக் கடந்து கொல்லைக்குப் போனாள்.

பின்கட்டு அறையின் கதவு பாதி திறந்திருந்தது. புதுக்கட்டிலில் படுக்காமல், தரையில் பாய் விரித்து, சந்தியா உட்கார்ந்திருந்தாள். அருகே ஒரு தட்டு, ஒரு டம்ளர், அறிவியல் புத்தகம். எல்லாவற்றையும் தானே எடுத்து வந்திருக்கிறாள்.

"இங்க இன்னா பண்ற? எழுந்துரு."

"இருக்கட்டும்மா."

"யாரு போவச் சொன்னது? அப்பா போன் பண்ணாரா?"

"யாரும் சொல்லல. காலையில வந்துச்சு. நானே வந்துட்டேன்."

"சந்தியா, இங்க பாரு." ரேவதி தன் குரலை இயல்பாக வைத்துக்கொள்ள முயன்றாள். "அந்தப் பாடத்தை நீதானே எனுக்குப் படிச்சிக் காட்டின? எதனால வருது, எப்படி வருதுன்னு படமெல்லாம் போட்டியே. அதுல தீட்டுன்னு எங்கனா எழுதி இருந்துச்சா?"

"இல்லம்மா. அதுல ஃபுல் மார்க்கு வாங்கினேன். தண்ணியில ஒண்ணும் இல்லன்னு தெரியும். அத்தை குளுருல குளிச்சித்தான் செத்துப்போச்சுன்னும் தெரியும்."

"அப்புறம் இன்னா?"

சந்தியா புத்தகத்தின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள், மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கு நான் பின்னால வந்திருந்தா, நீ அதச் சொல்லி இருக்க மாட்ட. நீ சொல்லலன்னா அத்தை எதுக்கு குளுருல குளிச்சி இருக்கும்?"

நிரூபணத்தால் உலகை மாற்றிவிடலாம் என்று நம்பியவள் ரேவதி. அவள் மகள் இப்போது ஒரு நிரூபணத்தை அவள்முன் வைத்திருக்கிறாள். அதில் ஓட்டை தேடித் தேடிப் பார்த்தாள். தகடு இல்லை, தீட்டு இல்லை, சாமி இல்லை. நடந்தது மட்டுமே அதில் இருந்தது.

"அது உன்னால இல்ல" என்றாள். காந்தா மருத்துவமனையில் சொன்னதே தன் வாயிலிருந்தும் வருவதை உணர்ந்து, மாற்றிச் சொன்னாள். "என்னாலதான். நான்தான் சொன்னேன். நான்தான் இங்க இருக்கணும். நீ உள்ள போ."

"அப்பாவுக்கும் பிரஷர் இருக்குதும்மா" என்றாள் சந்தியா. "மாத்திரை போடறாரு. அவரு பயந்துட்டா? கொஞ்ச நாள்தானே. நான் படிச்சிக்கினு இருக்கறேன். ரூமு நல்லாத்தான் இருக்குது."

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாடிக் குழாயிலிருந்து ஷீட்டின் மேல் எதுவும் சொட்டவில்லை. புது வால்வு ஒழுகச் சில மாதங்கள் ஆகும். ரேவதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் தோளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கிட்ட வராதம்மா. நீ சமைக்கணும்" என்று சொல்லி, சந்தியா சற்று நகர்ந்தாள்.

ரேவதியும் நகர்ந்து அவளை நெருங்கினாள். சிறுமி தட்டையும் டம்ளரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னும் நகர்ந்தாள். தாய் மறுபடியும் நெருங்கினாள். சுண்ணாம்பு வாசம் மாறாத சுவர் முதுகில் இடிக்கும்வரை சந்தியா நகர்ந்துகொண்டே போனாள்.